மடம் சிறையானது ஏன்?

கேள்வி: பிரான்சின் ஃபோன்தெவ்ரோ மடம் சிறைச்சாலையாக இருந்ததாமே, உண்மையா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உண்மைதான். 1101-இல் தொடங்கிய அந்த மடத்தில் ஆண் துறவிகளும் ஒரு பெண் தலைவிக்குக் கீழ்ப்பட்டிருந்தது அபூர்வம். 1792-இல் புரட்சி அரசு துறவிகளை வெளியேற்றியது. 1804-இல் நெப்போலியன் ஆணையால் சிறையானது. சுற்றுமதிலும் பெரிய கூடங்களும் தயாராக இருந்தனவே! தேவாலய நடுக்கூடத்தில் குறுக்கே தளங்கள் போட்டுக் கைதிகளைத் தங்கவைத்தார்கள். அதற்காகக் குவிமாடங்களையும் இடித்தார்கள். இன்று அங்கே காண்பவை பின்னாளில் மீண்டும் கட்டியவை.

ஆனாலும் சிறைதான் கட்டடத்தைக் காப்பாற்றியது என்பேன். பிரான்சின் இன்னொரு பெரிய மடமான க்ளூனியை விற்று, கல்லுக்காகவே உடைத்துவிட்டார்கள். ஃபோன்தெவ்ரோ சிறை 1963-இல் மூடப்பட்டது. 1975 முதல் பண்பாட்டு மையம். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி, அரசி எலினோர், மகன் ரிச்சர்ட் ஆகியோரின் கல்லறைச் சிலைகளைத் தேவாலயத்திலேயே பார்க்கலாம்.