டயாலிசிஸ் எடுப்பவர்கள் மருந்து ஆய்வில் சேரத் தயங்குவது ஏன்?

கோவையில் டயாலிசிஸ் எடுக்கும் மாமனாரை ஒரு மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள், அவர் பிடிகொடுக்கவில்லை, என்ன காரணமாக இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

புது மருந்தின் மேல் பயம் இருக்கும்தான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி, 'இதுக்குன்னு இன்னொரு நாள் வரணுமா?' என்பது. தாராபுரத்திலிருந்து கோவைக்கு வருகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினில் 4 மணி நேரம், ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடிக்கக் கால் மணி நேரம், பஸ்ஸில் போக வர நாலு மணி நேரத்துக்கு மேல். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படியே போய்விடும், அன்றைக்குச் சாயங்காலம் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி கிடக்கும். மிச்ச நாளில்தான் மாட்டுக்குத் தீவனம், பால் சொசைட்டி, தறி எல்லாம். கூட வரும் மகனுக்குப் பனியன் கம்பெனியில் ஒரு நாள் சம்பளம் போகும். பஸ் காசை ஆய்வுக்காரர்கள் கொடுத்தாலும் அந்த நாளை யாரும் திருப்பித் தர முடியாது.

வெளிநாட்டிலும் இதே நிலைதான். வட அமெரிக்காவில், வீட்டிலேயே வாரம் 6 இரவு டயாலிசிஸ் செய்து பார்க்கும் ஆய்வுக்கு 250 பேர் வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். சேர்ந்தது 87 பேர். ஆனால் இரும்புச்சத்து ஊசியின் அளவைப் பற்றி பிரிட்டனில் நடந்த பிவோட்டல் என்ற ஆய்வில் 2,141 பேர் சேர்ந்தார்கள். அந்த ஊசி டயாலிசிஸ் நடக்கும்போதே போடுவது, அதற்கென்று தனி நாள் கிடையாது.

அடுத்தது ரத்தம். ஹீமோகுளோபின் 8, 9 என்று இருப்பவரிடம் நாலைந்து குழாயில் எடுத்தால், 'இருக்கறதையும் எடுக்கறாங்களே' என்று வீட்டில் புலம்புவது நியாயம்தான். குழாய்க்கு 5 மில்லி என்றால் மொத்தம் 20, 25 மில்லி. பிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்) இருக்கும் கையில் ஊசி குத்தியதும், ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் மருந்து போடுவதற்கு முன்னால் அந்த ஊசியிலிருந்தே எடுத்துவிட்டால் தனியாக ஒரு குத்து வேண்டியதில்லை. இதைச் சொல்லிவிட்டாலே பாதிப் பேர் முகம் தெளியும். மாத்திரையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு விழுங்குகிறவர், தண்ணீரையும் அளந்து குடிக்கிறவர். இன்னும் இரண்டு மாத்திரை என்றால் இன்னும் இரண்டு மடக்குத் தண்ணீர்.

எனக்கு ரொம்பக் கவலை தருவது வேறொன்று. 'மாட்டேன்' என்று சொன்னால் டாக்டர் மனசு சங்கடப்படும், டயாலிசிஸ் ஷிப்டை மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. இவர்கள்தான் இரண்டாம் மாதம் வராமல் நின்றுவிடுவார்கள். டயாலிசிஸின் மூன்றாவது மணி நேரத்தில், பிரஷர் இறங்கிக் கால் பிடித்து இழுக்கும் சமயத்தில் சம்மதப் படிவத்தை நீட்டவே கூடாது. ஆள் தெளிவாக இருக்கும்போது, குடும்பத்தாரை வைத்துக்கொண்டு பேசி, தமிழ்த் தகவல் தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வில் சம்பந்தப்படாத ஒரு சாட்சி கூடவே இருந்தாக வேண்டும்.

சேருகிறவர்களில் பலர் டாக்டர் மேலுள்ள நம்பிக்கையில் சேருகிறார்கள். 'பையனுக்கும் சர்க்கரை இருக்குது, அவனுக்காவது உதவட்டும்' என்று சேருகிறவர்களும் உண்டு. அடிக்கடி டெஸ்ட் எடுத்துக் கவனிப்பார்கள் என்பதும் ஒரு காரணம். ஆனால் கவனிப்பு வேறு, சிகிச்சை வேறு. யாருக்கு எது என்று முடிவுசெய்யும் குலுக்கலில் அவருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை விழலாம், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கையெழுத்துக்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள்: டயாலிசிஸ் இல்லாத நாளில் எத்தனை தடவை வரணும்? மாற்றுக் கிட்னிக்குப் பதிந்திருந்தால் அது பாதிக்குமா? ஆய்வு முடிந்ததும் மருந்து தொடர்ந்து கிடைக்குமா, யார் செலவில்? ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் தரவேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டு மருந்து ஆய்வு விதிகளில் உள்ளது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான டயாலிசிஸ் நிற்கக்கூடாது. படிவத்தின் நகலையும், ஆய்வில் சேருகிறவர்களின் நலனைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் போன் நம்பரையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமனார் 'பார்க்கலாமுங்க' என்று சொல்லியிருந்தால், நம் பக்கத்தில் அது பெரும்பாலும் 'வேண்டாம்' என்பதை மரியாதையாகச் சொல்வதுதான். வெளியூரிலிருந்து வந்த ஆய்வாளருக்கு அது 'சரி' என்று கேட்கும். மாமனாரிடம் தனியாகக் கேட்டுவிட்டு, அவர் சொன்னதை நீங்களே ஆய்வாளரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள்.