ஆளுங்கட்சி மேல் கோபம் இருந்தும் மக்கள் ஏன் அதற்கே ஓட்டுப் போடுகிறார்கள்?

அறியாமைதான் காரணம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல நேரம் அது தெளிவான கணக்கு. நிதி, வேலை, ஒப்பந்தம், உதவித்தொகை எல்லாம் ஆள்பவர் கையில். அந்தக் கட்சி எப்படியும் ஜெயிக்கும் என்றால், எதிர்த்துப் போடும் ஓட்டு ஆட்சியை மாற்றாது; நம் பகுதிக்கு வர வேண்டியதைத்தான் நிறுத்தும்.

சிங்கப்பூரில் 1997 தேர்தலின்போது பிரதமர் கோ சோக் டோங் இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: ஆளும் மக்கள் செயல் கட்சியை ஆதரிக்கும் பகுதிகளுக்கே அடுக்குமாடிக் குடியிருப்பு மேம்பாட்டில் முன்னுரிமை. அங்கே பலருக்கு வீடுதான் பெரிய சொத்து. மேம்படுத்தினால் விலை ஏறும். 83 இடங்களில் 81 அந்தக் கட்சிக்கே போயின. சரி, அதில் 47 போட்டியே இல்லாமல் கிடைத்தவை. ஹவ்காங், பொத்தோங் பாசிர் தொகுதிகளோ அந்தத் தேர்தலில் மசியவில்லை; எதிர்க்கட்சிக்கே ஓட்டுப் போட்டன. எல்லோரும் ஒரே கணக்கைப் போடுவதில்லை.

இந்த விசுவாசம், ஆள்பவரிடம் கொடுக்கப் பணம் இருக்கும்வரைதான். மெக்சிகோவில் 1929 முதல் ஆண்ட பிஆர்ஐ கட்சிக்கு, 1980களின் கடன் நெருக்கடிக்குப் பிறகு பிடி தளர்ந்தது. 2000இல் அதிபர் பதவியே போனது.