வீட்டுத்திட்டக் காசு வருமுன் லோன் எடுத்து அத்திவாரம் போடலாமா?

கேள்வி: திருகோணமலையில் குச்சவெளிப் பக்கம் இருக்கிறோம். கணவர் கடற்றொழில். அவருடைய தம்பி குத்தகைக்கு வயல் செய்கிறார். இரண்டு குடும்பமும் ஒரே தகரக் கொட்டிலில்தான். இப்போது வீடு கட்ட உதவிப்பணம் தரும் வீட்டுத்திட்டப் பட்டியலில் எங்கள் பெயர் வந்திருக்கிறது. அத்திவாரம் முடிந்தால்தான் முதல் காசு என்கிறார்கள். கிழமைத் தவணை லோன் எடுத்துத் தொடங்கலாமா? வளவுப் பெர்மிட் (அரச காணி அனுமதிப்பத்திரம்) காலஞ்சென்ற மாமனார் பெயரில் இருக்கிறது. தம்பியும் வயலோரம் ஒரு வீடு போட நினைக்கிறார்.

பதில்: லோன் வேண்டாம், சகோதரி. உதவிப்பணம் வேலைக்குப் பின்னால்தான் வரும். அத்திவாரம், சுவர், கூரை என்று எழும்ப எழும்ப, அலுவலர் வந்து பார்த்தபிறகு பகுதி பகுதியாக வங்கிக் கணக்கில் விழும். அது பிந்தலாம், கிழமைத் தவணை பிந்தாது. வாடைக்காலத்தில் படகு இறங்காத கிழமையிலும் தவணைக் காசு கேட்டு வாசலில் ஆள் நிற்கும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த இப்படியான சிறு தவணைக் கடனை (நுண்கடன்) ஒரு லட்சம் ரூபா வரை அரசே தள்ளுபடி செய்ய வேண்டிவந்தது. அந்தச் சுமையை நம் பெண்கள் மறுபடி தலையில் ஏற்றுவதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

மழை ஓய்ந்து தை, மாசியில் தொடங்குங்கள். கடலும் அமைதியாகும், தம்பிக்குப் பெரும்போக அறுவடைக் காசும் கைக்கு வரும். கிடங்கு வெட்டுவதும் கல் சுமப்பதும் குடும்பத்தின் கையால் நடந்தால் கூலிச் செலவு மேசனுக்கு மட்டும்தான். அப்படியும் குறைந்தால் கடற்றொழிலாளர் சங்கத்திலோ சமுர்த்தி வங்கியிலோ சிறிய தொகையாகக் கேளுங்கள். அத்திவாரத்தை மட்டும் உதவித் தொகைக்கு மேல் பெருப்பிக்க வேண்டாம். இந்திய அரசு காசு தந்த வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்கில் வீட்டுக்கு 550,000 ரூபா கிடைத்தது. அந்தக் காசுக்கு அடங்காத வீட்டைத் தொடங்கிய பலர் நகையை அடகு வைத்துத்தான் கூரை போட்டார்கள். இரண்டு அறையோடு முடித்துக் குடிபுகுங்கள், விறாந்தை பிறகு வரட்டும்.

ஆனால் ஒரு கல் வைக்குமுன் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போங்கள். மாமியார் இருந்தால் பெர்மிட் காணியில் முதல் உரிமை அவருக்கு. இல்லையென்றால், மாமனார் பின்னுரித்தாளராக (தனக்குப் பின் காணி சேர வேண்டியவராக) யாரைப் பதிந்தார் என்று பார்க்க வேண்டும். அது தம்பியின் பெயராக இருந்தால், நீங்கள் கட்டும் வீடு அவருடைய காணியில் நிற்கும். இன்று ஒற்றுமையாகத்தான் இருப்பீர்கள், நாளை பிள்ளைகள் காலத்தில் வழக்காகும். வீட்டுக்குள் பேசி எழுதிக்கொள்வதும் போதாது, பிரதேச செயலாளரின் அனுமதியில்லாத கைமாற்றம் செல்லாது. வளவு கரையிலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் கரையோரம் பேணல் திணைக்கள அனுமதியும் தேவையா என்று அங்கேயே கேளுங்கள்.

தம்பிக்குக் குத்தகையால் கிடைப்பது பயிர் செய்யும் உரிமை மட்டும். வயலை நிரப்பி வீடு கட்டக் காணிக்காரர் சம்மதித்தாலும் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். தம்பி தனிக் குடும்பமாகப் பதிந்துகொண்டு, அரச காணி பகிர்ந்து கொடுக்கக் காணிக் கச்சேரி வைக்கும்போது வளவு கேட்டு விண்ணப்பிக்கட்டும். அதற்குக் கிராம சேவகரை இந்த மாதமே பார்க்கச் சொல்லுங்கள்.