ஆயுத பூஜையில் கட்டுங்கள், போகியில் பிரியுங்கள்

நர்சம்மா பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மழையைப் பற்றித்தான். கடலூர்ப் பக்கம் 31 வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். 2004 சுனாமியும் 2011 தானே புயலும் 2015 வெள்ளமும் நான் பணியில் இருந்தபோது வந்தவை. அதனால் இந்த இதழில் காய்ச்சல், சளிக் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

*

கேள்வி: என் வீட்டுக்காரர் கொத்தனார். மழை பெய்தால் வேலை இல்லை. புயலுக்கு வேண்டிய சாமான் எல்லாம் இருக்கிறது என்று ஒரு பையை 4,500 ரூபாய்க்கு போனில் காட்டுகிறார்கள். எங்களால் 500 ரூபாய்க்கு மேல் முடியாது. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பணத்தில் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா சிஸ்டர்?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: தாராளமாக முடியும் அம்மா. அந்த 4,500 ரூபாய்ப் பையில் இருப்பதில் முக்கால்வாசி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஒன்று பரணில், ஒன்று பீரோவில், ஒன்று அடுப்படியில் என்று சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். கரண்ட் போன இருட்டில் கை தடவினால் எட்டுகிற ஒரே இடத்துக்கு எல்லாம் ஒரு மூட்டையாக வர வேண்டும். அதற்குக் காசு வேண்டாம், ஒரு நாள் சாயந்திரம் போதும்.

எந்த நாள் என்று கேட்டால், ஆயுத பூஜை. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். அதற்குச் சில வாரம் முன்போ அதை ஒட்டியோ ஆயுத பூஜை வரும். அன்றைக்கு எல்லார் வீட்டிலும் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் வாங்குகிறோம். அடுப்பு இல்லாமல் சாப்பிட இவற்றைவிட நல்ல சாமான் எது? பூஜைக்கு வாங்கும்போதே ஒரு கிலோ பொட்டுக்கடலை, ஒரு கிலோ வெல்லம், இரண்டு கிலோ அவல் கூடுதலாக வாங்கி, இறுக மூடுகிற எவர்சில்வர் தூக்கில் போட்டு வையுங்கள். அவல் பத்து நிமிஷம் ஊறினால் சாப்பாடு. நாலு பேருக்கு மூன்று நாள் ஓடும். புயல் வரவில்லை என்றால் போகியன்று பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். காசு வீணாகாது, பூச்சியும் பிடிக்காது. இது மளிகைக் கணக்கில் போகட்டும். உங்கள் 500 ரூபாயில் கை வைக்க வேண்டாம்.

அந்த 500 ரூபாய்க்குக் கணக்கு சொல்கிறேன். போன வருஷம் எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நானே கூடப் போய் வாங்கிக் கொடுத்தது இது. செல் போடுகிற எல்.இ.டி. டார்ச் 130 ரூபாய். உதிரி செல் நான்கு 60. ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கிற உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட் நான்கு 90. மூடி போட்ட 20 லிட்டர் பழைய கேன் ஒன்று 100. நைலான் கயிறு 50. சின்ன டெட்டால் 40. பிள்ளைகள் கழுத்தில் போட விசில் ஒன்று 10. ஆக 480. ஓ.ஆர்.எஸ். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். கேட்டு வாங்கிவிட்டால் அந்த 90 ரூபாயில் இன்னொரு கேன் கிட்டத்தட்ட வந்துவிடும்.

டார்ச்சைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 29 ராத்திரி, தானே கரையைக் கடக்கச் சில மணி நேரம் இருந்தபோது, பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி கண்டுவிட்டது என்று ஆள் வந்தது. டார்ச்சை எடுத்து அழுத்தினேன், எரியவில்லை. பின்மூடியைத் திருகினேன், திரும்பவில்லை. துணி சுற்றித் திருகித் திறந்தால், உள்ளே ஸ்பிரிங் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. செல் உள்ளேயே கசிந்திருக்கிறது. ஏழெட்டு மாதம் செல்லைக் கழற்றாமல் வைத்திருந்தது என் தவறு. அந்தக் குழந்தை ஒரு சைக்கிள் டைனமோ விளக்கின் வெளிச்சத்தில்தான் பிறந்தது. ஒருவர் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே இருந்தார். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அந்தச் சுற்றுச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆகவே செல்லை டார்ச்சுக்குள் போட்டு வைக்காதீர்கள். தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்டால் டார்ச்சோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு செல் போடப் பெரிய பிள்ளைக்குப் பழக்கிக் கொடுங்கள்.

மெழுகுவர்த்தியை நம்ப வேண்டாம். ஓலையும் தார்ப்பாயும் துணிமணியும் நெருங்கிக் கிடக்கிற வீட்டில், காற்று சுழன்றடிக்கிற நேரத்தில் அது ஆபத்து.

இனித் தண்ணீர். புயலில் தண்ணீர் பஞ்சமாகும் என்று சொன்னால் பலருக்குப் புரிவதில்லை. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டி ஏறாது, தெருக்குழாய் வராது. தானேவுக்குப் பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 17 நாள் ஆனது. அத்தனை நாளும் ஒரே ஒரு அடிகுழாய்தான். விடிகாலை நாலு மணிக்கே குடம் வரிசையில் நிற்கும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்று வைத்தால், நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர். இரண்டு கேன் இருந்தால் கவலை இல்லை. புயல் எச்சரிக்கை வந்த அன்று நிரப்புங்கள். மாதக்கணக்கில் நிரப்பியே வைக்க வேண்டாம். மற்ற புழக்கத்துக்கு வீட்டில் இருக்கிற குடம், அண்டா, வாளி எல்லாம் நிரம்பட்டும்.

வெள்ளத்துக்குப் பிறகு வருகிற தண்ணீரைப் பருத்திப் புடவைத் துணியை நான்காக மடித்து வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவிட்டுக் குடியுங்கள். குளோரின் மாத்திரை கொடுத்தால், எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று கொடுக்கிறவரிடமே கேளுங்கள். ஒவ்வொரு மாத்திரைக்கும் வீரியம் வேறு. போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும்.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டு ஓ.ஆர்.எஸ். கைவசம் இல்லையென்றால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் கெடுதல். கரைத்ததும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

உங்கள் மூட்டையில் மாதவிடாய்த் துணி அல்லது நாப்கின் கட்டாயம் இருக்கட்டும். முகாமுக்குப் போன பெண்கள் அதிகம் தவித்தது அதற்குத்தான். வாய்விட்டுக் கேட்கவும் கூச்சப்பட்டார்கள்.

*

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் நாலு நாள் கரண்ட் இல்லை. அம்மாவுக்கு இன்சுலின் போட வேண்டும். ஃபிரிட்ஜ் வேலை செய்யவில்லை. கெட்டுப்போயிருக்குமோ என்று பயந்து இரண்டு நாள் போடாமலே விட்டுவிட்டோம். அது சரியா, தவறா?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: உங்கள் பயம் புரிகிறது தம்பி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணிக் கரை ஊர்கள் எல்லாம் தீவாகி நின்றன. ஆனாலும் ஊசியை நிறுத்தியது தவறு. இனி எப்போதும் அப்படிச் செய்யாதீர்கள்.

பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் குப்பி, பெரும்பாலான வகைகளில், வெயில் படாத அறையில் ஏறத்தாழ நாலு வாரம் தாங்கும். சரியான கணக்கு மருந்தோடு வருகிற தாளில் இருக்கும். இப்போதே படித்து, திறந்த தேதியைக் குப்பி மேல் எழுதி ஒட்டுங்கள். திறக்காத குப்பிகளுக்கு மண்பானை உதவும். பெரிய பானைக்குள் சின்னப் பானையை இறக்கி, நடுவில் ஆற்று மணலைக் கொட்டி, மணல் நனையத் தண்ணீர் தெளியுங்கள். மருந்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி உள்பானையில் வைத்து, மேலே ஈரத்துணி போடுங்கள். மழை நாளில் காற்றே ஈரமாக இருப்பதால், கோடையில் குளிர்வது போல அது குளிராது. ஆனால் மழை நாளில் வெயிலும் அந்த அளவு இருக்காது அல்லவா? நாலைந்து நாளைத் தாண்டிவிடலாம். ஐஸ்கட்டி மேல் மட்டும் நேராக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கினாலோ, எந்த மருந்திலும் திரி திரியாகக் கட்டி மிதந்தாலோ போட வேண்டாம்.

வீடு தேடி மருந்து தரும் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வாங்குகிறவர்கள், மழைக்காலத்தில் மாத்திரை தீரும்வரை காத்திருக்காமல் ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்குங்கள். மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். உங்கள் போன் தண்ணீரில் போனாலும் அவரிடம் இருக்கும். அம்மா ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு கிடைக்காமல் தவிக்க நேரலாம். அப்போது ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும், அதனால் கொஞ்சம் சர்க்கரைப் பொட்டலம் அவர் இடுப்பிலேயே இருக்கட்டும்.

*

கேள்வி: தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். மழைக்கு முன்பு கேஸ் சிலிண்டரை என்ன செய்வது? புதுசு, நிறைய இருக்கிறது, கனம்தானே, அசையாது என்கிறார் மாமனார்.
– வாசகி, முடிச்சூர்

பதில்: மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் அம்மா, நிறைந்த சிலிண்டரும் மிதக்கும். இரும்பும் கேஸுமாகச் சேர்ந்து அது 30 கிலோ சொச்சம். ஆனால் அது அடைக்கிற இடத்தில் 33 லிட்டருக்கும் மேல் தண்ணீர் கொள்ளும். எடையைவிட அதிகத் தண்ணீரை விலக்குகிறது என்றால் தூக்கிவிடும். இழுத்துக்கொண்டே மிதந்தால் டியூப் பிய்ந்துவிடும். ரெகுலேட்டரைக் கழற்றி, கயிற்றில் தொங்குகிற வெள்ளை மூடியை வாயில் அழுத்திப் போட்டு, மாடிக்கு ஏற்றுங்கள். முடியாவிட்டால் நின்ற வாக்கில் ஜன்னல் கம்பியோடு கட்டுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே மெயினை இறக்கிவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு ஸ்விட்சைத் தொடக் கூடாது. வடிந்த பிறகும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போடாதீர்கள்.

*

கேள்வி: கஜா புயலில் எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டி பறந்து தென்னந்தோப்பில் போய் விழுந்தது. இனிமேல் புயல் என்றால் கழற்றிக் கீழே இறக்கிவிடலாமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: இறக்க வேண்டாம் ஐயா, நிரப்புங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன் கனம். புயலுக்குப் பிறகு மோட்டார் ஓடாத நாட்களில் அதே தண்ணீர் உங்களைக் காப்பாற்றும். மூடியைக் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள்.

இன்னொன்றும் உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லுங்கள். 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன்பு கஜா கடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். புயலின் கண், அதாவது அதன் நடுப்பகுதி, நம் தலைக்கு மேலே வரும்போது காற்று சட்டென்று அடங்கிவிடும். முடிந்துவிட்டது என்று ஆட்கள் வெளியே வருவார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் அடியில் ஆட்டங்கண்ட மரமும் கூரை ஓடுகளும் இரண்டாவது அடியில்தான் விழும். வானொலியிலோ அதிகாரிகளிடமிருந்தோ தகவல் வரும்வரை வாசலைத் தாண்டாதீர்கள். செல் போடுகிற சின்ன ரேடியோ வீட்டுக்கு ஒன்று இருப்பது நல்லது.

*

கேள்வி: பவர் பேங்க் 10,000 எம்.ஏ.ஹெச். என்று போட்டிருக்கிறது. என் போன் பேட்டரி 5,000. இரண்டு தடவை சார்ஜ் ஆகும்தானே?
– கல்லூரி மாணவர், விழுப்புரம்

பதில்: ஆகாது தம்பி. மின்னழுத்தத்தை மாற்றிக் கொடுப்பதிலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஒன்றேகால் தடவை என்று கணக்கு வையுங்கள். போனில் நெட்டை அணைத்துவிட்டு, வீட்டில் ஒரு போன் மட்டும் இயங்கட்டும், மற்றவை அணைந்திருக்கட்டும். 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநில அளவில் 1070, இவற்றோடு சொந்தக்காரர் நம்பர் நான்கையும் கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் எழுதி வையுங்கள். போன் செத்த பிறகு அடுத்தவர் போனில் கூப்பிட நம்பர் ஞாபகம் வராது. 2024 ஃபெஞ்சல் புயலில் மழை விட்ட பிறகுதான் தென்பெண்ணை பொங்கி வந்தது. ஆற்றோரம் இருந்தால் வானம் வெளுத்ததை நம்பி மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

*

கேள்வி: வெள்ளத்தில் நனைந்த பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் பத்திரமும் கட்டாக ஒட்டிக்கொண்டுவிட்டன. பிரித்தால் கிழிகிறது.
– வாசகி, பண்ருட்டி

பதில்: கையை எடுத்துவிடுங்கள் அம்மா, இப்போது பிரிக்கக் கூடாது. வெயிலிலும் வைக்க வேண்டாம், இஸ்திரியும் போட வேண்டாம். கரண்ட் இருந்தால் கட்டை அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பூஞ்சணம் பிடிக்காமல் நிற்கும், அவசரமும் இல்லை. பிறகு நேரம் இருக்கிற நாளில் எடுத்துக் குளிர்விட்டதும், நிழலில், மின்விசிறி நேராகப் படாத இடத்தில், வெள்ளைப் பருத்தித் துணி மேல் பரப்புங்கள். தானாக விட்டுக்கொடுக்கிற தாளை மட்டும் ஓரத்திலிருந்து மெல்ல எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே எழுத்தில்லாத வெள்ளைத் தாள் வைத்து, அது ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே இருங்கள். மை பேனாவால் எழுதிய இடம் இருந்தால் சேறு பட்டிருந்தாலும் கழுவாதீர்கள், கரைந்துவிடும். சேறு காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் தட்டிவிடலாம்.