பாஸ்வேர்டு இருக்கும்போது லேப்டாப்புக்கு பிட்லாக்கர் எதற்கு?

டிஸ்கில் உள்ளதைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி எழுதுவதுதான் என்கிரிப்ஷன். விண்டோஸில் அதைச் செய்வது பிட்லாக்கர்.

லாகின் பாஸ்வேர்டு காப்பது விண்டோஸின் வாசலை மட்டுமே. காரைக்குடிக்கு வரும் ரயிலில் லேப்டாப் திருடு போனால், அடிமூடியின் திருகுகளைக் கழற்றி, உள்ளிருக்கும் டிஸ்கை (எஸ்எஸ்டி) வேறு கணினியில் மாட்டினால் போதும். பாஸ்வேர்டு கேட்காமலே எல்லாம் திறக்கும். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பை மட்டும் பூட்டி என்ன பயன்? நகை இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும். பிட்லாக்கர்தான் அந்தப் பெட்டி.

பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்புச் சாவியை அச்சிட்டு வீட்டில் வையுங்கள், லேப்டாப் பையில் வேண்டவே வேண்டாம். மதர்போர்டு மாற்றினால் அதைக் கேட்கும். இல்லாவிட்டால் உங்களுக்கும் திறக்காது.

பிட்லாக்கர் வைரஸைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தடுக்காது, நீங்கள் வேலை செய்யும்போது பெட்டி திறந்தேதான் இருக்கிறது.