போலந்துக்காரர் ‘நொ’ என்றால் போனை வைத்துவிடாதீர்கள்

கேள்வி: மேற்படிப்புக்காக போலந்தின் க்ராக்கூவ் நகரத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வாடகை அறை ஒன்றைப் பற்றி விசாரிக்க வீட்டுக்காரம்மாவுக்கு போன் போட்டு, “அறை இன்னும் காலியா?” என்று மனப்பாடம் செய்த போலிஷில் கேட்டேன். “நொ” என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். நண்பனோ “அது ஆமாம்டா” என்கிறான். ஆன்லைனில் கொஞ்சம் ஸ்பானிஷ் படித்தேன், அதில் ‘நொ’ என்றால் இல்லைதானே? எப்படிப் பிரித்தறிவது?

பதில்: நண்பர் சொன்னதுதான் சரி. முதலில் அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

போலிஷ் ‘நொ’ நம்ம ஊர் ‘ம்’ மாதிரி. யாராவது பேசும்போது நடுநடுவே ‘ம்… ம்…’ கொட்டுகிறோமே, அதே வேலை. “சாப்பிட்டாச்சா?” “ம்.” அவ்வளவுதான். அதற்கு நேரான, மரியாதையான ‘ஆமாம்’ என்பது ‘தாக்’. அதனால் பேராசிரியரிடமோ விசா அலுவலகத்திலோ நீங்கள் ‘நொ’ போட வேண்டாம், மேலதிகாரி கேட்ட கேள்விக்கு ‘ம்’ என்று மட்டும் சொன்ன மாதிரி இருக்கும்.

ஏவலோடு இது சேரும்போது இன்னும் அழகு. ‘ஹொஜ்’ என்றால் வா, ‘ஹொஜ் நொ’ என்றால் ‘வாயேன்’. நம் ‘ஏன்’ ஒட்டு செய்கிற அதே குழைவு. ‘நொ தொப்ரா’ என்றால் ‘சரி, இருக்கட்டும்’. பக்கத்து செக் மொழியில் ‘ஆமாம்’ என்பதே ‘அனொ’, அதன் பின்பாதியும் இந்த நொதான், பேச்சில் பல நேரம் அந்தப் பின்பாதி மட்டுமே காதில் விழும்.

ஸ்பானிஷ், இத்தாலிய ‘நொ’ வேறு வீட்டுப் பிள்ளை. லத்தீன் ‘நோன்’ என்பதிலிருந்து வந்தது, அந்த நோனே பழைய லத்தீனில் ‘நொய்னும்’, அதாவது ‘ந’ என்ற மறுப்போடு ‘ஒன்று’ சேர்ந்தது. நாம் ‘ஒன்றுமில்லை’ என்கிறோமே, ஏறக்குறைய அதுவே தேய்ந்து ஒரே அசையாகிவிட்டது. போலிஷ், செக், ரஷ்யன் எல்லாம் ஸ்லாவிய மொழிக் குடும்பம், அதில் இந்த லத்தீன் நோனுக்கு உண்மையான உறவு போலிஷ் ‘ஞெ’, செக் ‘நெ’, ரஷ்ய ‘ந்யெத்’ ஆகியவைதான், எல்லாவற்றிலும் அந்தப் பழைய மறுப்பு வேர் இருக்கிறது. போலிஷ் ‘நொ’வையோ, ‘இப்போது’ என்ற பொருளுள்ள வேறொரு பழைய வேரோடு சேர்ப்பதே பரவலான கருத்து. சமஸ்கிருத ‘நு’, ஆங்கில ‘நவ்’ எல்லாம் அந்தக் குடும்பம். ஆக, ஒரே குரலில் பேசுகிற இரண்டு பேர் சொந்தக்காரர்கள் இல்லை, சொந்தக்காரர்களுக்கோ குரலே வேறு.

குழப்பம் இத்தோடு நிற்கவில்லை. ரஷ்யனில் ‘நொ’ என்றால் ‘ஆனால்’, அதையே உரக்கச் சொன்னால் வண்டிக்குதிரையை ஓட்டுகிற சத்தம், நம் ‘ஹை ஹை’ போல. இத்தாலியில் நிறுத்துகிற சொல் ரஷ்யாவில் குதிரையைக் கிளப்புகிறது! போர்ச்சுகீஸில் ஆங்கில எழுத்து அதே இரண்டுதான் (no), ஆனால் அது ‘இல்’ என்கிற வேற்றுமை உருபும் சுட்டுச்சொல்லும் ஒட்டிய சேர்க்கை, ‘போர்ட்டோவில்’ என்று சொல்ல அதைத்தான் போடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ருமேனியா. லத்தீன் வழிவந்த மொழி, ‘இல்லை’க்கு ‘நு’ என்று லத்தீன் சரக்கையே வைத்துக்கொண்டது, ‘ஆமாம்’ மட்டும் ஸ்லாவிய ‘தா’. அந்த நாட்டின் டிரான்சில்வேனியப் பகுதியில் ‘நொ, ஹாய்’ என்றால் ‘சரி, வா’! ருமேனியனும் ரஷ்யனும் ஒரே தெருவில் புழங்கும் மால்டோவாவில், ‘தா’ இருவருக்கும் ஆமாம், ‘நு’ ஒருவருக்கு இல்லை, மற்றவருக்கு ‘ம், அப்புறம்?’

பிரித்தறிவது எப்படி என்று கேட்டீர்கள். ஆங்கில ‘நோ’ நெடில், போலிஷ் ‘நொ’ குறில். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தமிழில் எழுதினால் பளிச்சென்று தெரிந்துவிடும், நொண்டியில் வருகிற நொ. ஆனால் இத்தாலிய, ஸ்பானிஷ் நொவும் குறில்தான், அதனால் காதை மட்டும் நம்ப முடியாது. போலிஷில் மறுப்பு வேண்டுமானால் ‘ஞெ’ வந்தே தீர வேண்டும், ஞெகிழியில் வரும் அதே ஞெ. ஞ கேட்கவில்லையென்றால் அது மறுப்பில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘நொ ஞெ’ என்று இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டும் குரலைக் கவனியுங்கள், ‘ஐயையோ’ என்றும் இருக்கலாம், ‘அதானே!’ என்றும் இருக்கலாம்.

அந்த அம்மாவிடம் இந்த முறை ‘தாக் ச்சி ஞெ?’, அதாவது ‘ஆமாமா, இல்லையா?’ என்றே கேட்டுவிடுங்கள். அதற்கு அவர் ‘நொ தாக்’ என்றால் ‘அதான் ஆமாம்னு சொன்னேனே’ என்கிறார், எப்போது வந்து அறையைப் பார்க்கலாம் என்று உடனே கேளுங்கள்.