கேஷுவாலிட்டியில் ஒரே கூச்சல்: எங்கிருந்து சரிசெய்வது?

கேள்வி: அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். விபத்து கேஸ் வந்தாலே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். போன் அடித்துக்கொண்டே இருக்கும், கேட்ட பொருள் கைக்குக் கிடைக்காது. இத்தனைக்கும் எல்லோரும் திறமைசாலிகள். எதை முதலில் மாற்றுவது?

பதில்: திறமைசாலிகள் இருந்தும் இப்படி நடக்கிறது என்றால், கோளாறு வேலை ஓடும் முறையில் இருக்கிறது. யாரையும் குறை சொல்லாமலே இதைச் சரிசெய்யலாம்.

முதல் மாற்றம், நோயாளியைத் தொடாத ஒருவர். அவர் கால்மாட்டில் நின்று மானிட்டரையும் மற்றவர்களையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சீனியர் டாக்டரே குனிந்து மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது, பிரஷர் இறங்குவதை யாரும் கவனிப்பதில்லை. இரவில் டாக்டர்கள் குறைவு என்றால், அனுபவமுள்ள சிஸ்டர் ஒருவர் நேரத்தையும் கொடுத்த மருந்துகளையும் சத்தமாகச் சொல்லிவந்தாலே பாதி குழப்பம் தீரும்.

அடுத்தது, கட்டளை. “சிஸ்டர், டிரானெக்ஸாமிக் ஆசிட் போடுங்க” என்று டாக்டர் பொதுவாகச் சொல்கிறார். அங்கே மூன்று சிஸ்டர்கள். அடுத்தவர் போடுவார் என்று மூவருமே நினைத்துக்கொள்கிறார்கள். இது ரத்தப்போக்கைக் குறைக்க, அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போக வேண்டிய மருந்து. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன், தாமதமானால் கெடுதலும் நேரலாம். அதனால் பெயர் சொல்லி, அளவு சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டவர் “ஒரு கிராம், பத்து நிமிஷம் ஓடுற மாதிரி, இப்பவே ஆரம்பிக்கிறேன்” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். முடிந்ததும் “போட்டாச்சு, 8.40” என்று அறிவிக்க வேண்டும். முதல் சில நாள் நாடகம் மாதிரி இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

108 ஆம்புலன்ஸ் ஊழியர் விவரம் சொல்லும் அரை நிமிடம் மற்றவர்கள் வாய் மூடியிருக்கட்டும். ரத்தம் பீறிட்டாலோ மூச்சு நின்றாலோ மட்டும் கை நிற்கக் கூடாது. எப்படி அடிபட்டது, எத்தனை மணிக்கு, வழியில் என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் கிளம்பிவிட்டால் கேட்க ஆள் இல்லை.

எல்லா குறுக்கீடும் கெட்டதல்ல. “டாக்டர், பிரஷர் இறங்குது” என்று நீங்கள் குறுக்கிட்டே ஆக வேண்டும். சீனியர் கோபிப்பாரோ என்று தயங்கக் கூடாது. தலைமை தாங்குபவரும் நடுவில் ஒருமுறை “எதையாவது விட்டுட்டோமா?” என்று கேட்பது நல்லது. அந்த ஒரு கேள்வி புதிதாகச் சேர்ந்த ஹவுஸ் சர்ஜனையும் (பயிற்சி டாக்டர்) பேச வைக்கும்.

தவிர்க்க வேண்டிய குறுக்கீடுகள் வேறு. போனுக்கு ஒருவர், உறவினர்களிடம் பேச ஒருவர் என்று ஷிஃப்ட் ஆரம்பத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள். விபத்துப் பதிவேட்டில் எழுதுவதற்காக டாக்டரை நடுவில் இழுக்காதீர்கள். சிகிச்சைதான் முதலில், சட்ட நடைமுறை பிறகு என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

டியூப் போடத் தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் பல்ப் எரிகிறதா, சளியையும் ரத்தத்தையும் உறிஞ்சும் சக்‌ஷன் இழுக்கிறதா என்று ஷிஃப்ட் மாறும்போதே பார்த்துவிடுங்கள். கேஸ் முடிந்ததும், கை கழுவும் இடத்திலேயே இரண்டு நிமிடம் நின்று, எது கிடைக்கவில்லை, எங்கே காத்திருந்தோம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதக் குறிப்புகளோடு நிலைய மருத்துவ அலுவலரைப் பாருங்கள். “ரத்தம் வரத் தாமதம்” என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தெந்த இரவில், எத்தனை நிமிடம் என்று காட்டிக் கேளுங்கள்.